கயிறு இழுத்துக் கொட்டும் லோடர் பக்கெட்டை ஹைட்ராலிக் ஆக்கியபின் வரும் கோளாறுகள்

பழைய டிராக்டர் லோடர்கள் (டிராக்டரின் முன்னால் மாட்டி மண் அள்ளும் கருவி) பலவற்றில் பக்கெட்டுக்கென்று தனிச் சிலிண்டர் கிடையாது. ஒரு கொக்கி பக்கெட்டைப் பிடித்திருக்கும். ஓட்டுபவர் கயிற்றை இழுத்தால் கொக்கி விடும், உள்ளே இருக்கும் பாரம் தன் எடையிலேயே பக்கெட்டைக் கவிழ்க்கும். லோடரின் தூக்கும் கையை இறக்கித் தரையில் வைத்தால் பக்கெட் பின்னால் சாய்ந்து 'டக்' என்று கொக்கியில் மாட்டிக்கொள்ளும். எளிய ஏற்பாடுதான். ஆனால் கொட்டினால் முழுதாகத்தான் கொட்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வழியில்லை, குவியலுக்குள் நுழைந்தபின் வாயை மேலே மடக்கி வாரவும் வழியில்லை.

அதனால்தான் பலரும் பழைய இரும்புக் கடையில் கிடைத்த இரண்டு சிலிண்டர், கைமாறி வந்த ஒரு வால்வு, நான்கு ஹோஸ் ஆகியவற்றை வைத்து இதை ஹைட்ராலிக் ஆக்கிவிடுகிறார்கள். செலவு குறைவு, வேலையும் ஆகும். ஆனால் முதல் முறை லீவரைத் தள்ளும்போது ஏதாவது ஒன்று தவறாகவே நடக்கும். நான் இரண்டு லோடர்களை இப்படி மாற்றியிருக்கிறேன். முதலாவதில் கீழே எழுதியிருப்பதில் பாதியை நானே அனுபவித்தேன். சிலிண்டர் கெட்டுப்போனது என்று நினைத்து இரண்டையும் கழற்றி சீல் மாற்றினேன்; குறை கடைசியில் ஆயில் டேங்குக்குத் திரும்பும் குழாயில் இருந்தது. அன்றிலிருந்து சிலிண்டரைக் கடைசியில்தான் சந்தேகப்படுகிறேன்.

ஒரு விளக்கம் முதலில். இங்கே சொல்வதெல்லாம், சிலிண்டரின் அடிப்பக்கம் தூக்கும் கைகளின் குறுக்குக் குழாயிலும் ராடு (சிலிண்டரிலிருந்து வெளியே வரும் தண்டு) முனை பக்கெட்டின் முதுகில் மேல் காதிலும் (முளை கோர்க்கத் துளையுள்ள தகடு) மாட்டியிருக்கும் அமைப்பை வைத்து. ராடு வெளியே வந்தால் பக்கெட் கவிழும், உள்ளே போனால் மடங்கும். உங்களுடையது தலைகீழாக இருந்தால் சொல்வதையும் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எதைக் கழற்றும் முன்பும் பக்கெட்டைத் தரையில் வையுங்கள், இன்ஜினை நிறுத்துங்கள், எல்லா லீவர்களையும் இருபக்கமும் ஆட்டி அழுத்தத்தை இறக்குங்கள். தூக்கி நிற்கும் கைக்குக் கீழே போக வேண்டியிருந்தால் இரும்புத் தாங்கி கொடுங்கள், ஹைட்ராலிக்கை நம்பி நிற்காதீர்கள். ஹோஸில் ஊசித்துளைக் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஓர் அட்டைத் துண்டை அருகில் நகர்த்திப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் அதிகம் இருக்காது. ஆனால் அது உடனே அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டிய காயம்.

கருவி என்று பார்த்தால் 250 பார் (அழுத்த அலகு) வரை காட்டும் ஒரு பிரஷர் கேஜும் அதை மாட்ட ஒரு டீ (T வடிவ) இணைப்பும் போதும். சிக்கனமாகச் செய்கிறோம் என்று இதை விட்டுவிடுபவர்கள்தான் பிறகு அதிகம் செலவழிக்கிறார்கள்.

பக்கெட் அசையவே இல்லை

முதலில் பழைய கொக்கியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், கொக்கியைக் கழற்ற மறந்து சிலிண்டரை இயக்குவது வழக்கமாக நடப்பதுதான். கொக்கி பாதி தேய்ந்திருந்தால் பக்கெட் முதலில் அசையாமல் நின்று, பிறகு படாரென்று குதித்துக் கவிழும். கொக்கியையும் அதன் ஸ்பிரிங்கையும் முழுதாகக் கழற்றிவிடுங்கள், அல்லது திறந்த நிலையில் பின் (இரும்பு முளை) போட்டுக் கட்டிவிடுங்கள்.

அடுத்து, விரைவாக மாட்டிக் கழற்றும் கப்ளிங்குகள். இவை முழுதாக உள்ளே அமராவிட்டால் உள்ளிருக்கும் சிறு பந்து வழியை மூடியே வைத்திருக்கும். ஒன்று சரியாக அமரவில்லை என்றாலும் சிலிண்டர் இரண்டு பக்கமும் அசையாது, ஏனென்றால் ஒரு பக்கம் ஆயில் நுழைய மறுபக்கம் ஆயில் வெளியேற வேண்டும்.

அதுவும் சரியென்றால் பம்ப் பக்கம் போங்கள். பழைய ஃபெர்குசன் அமைப்பு கொண்ட டிராக்டர்களில், ஃபோர்டு 8என் போன்றவற்றிலும், ஹைட்ராலிக் பம்ப் உடலுக்குள் பி.டி.ஓ. தண்டோடு (கருவிகளை ஓட்டப் பின்புறம் நீளும் தண்டு) ஓடுகிறது, கட்டுப்படுத்தும் வால்வு பம்ப் ஆயிலை உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. அதாவது பின்புறத் தூக்கி (கலப்பை தூக்கும் கைகள்) கேட்காதபோது பம்ப் ஆயிலே தருவதில்லை. அதிலிருந்து ஒரு குழாயை எடுத்து வெளி வால்வுக்குக் கொடுத்தால் எப்போதும் ஓடும் ஆயில் கிடைக்காது. அந்த மாதிரி டிராக்டர்களில் லோடர் வைத்தவர்கள் கிராங்க் தண்டின் முன்முனையில் தனிப் பம்ப் மாட்டியதற்குக் காரணம் இதுதான். உங்கள் லோடருக்கும் அப்படி முன்பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதுவால்வுக்கும் அங்கிருந்துதான் ஆயில் எடுக்க வேண்டும்.

லீவரைத் தொடாமலேயே பம்ப் முனகுகிறது, ஆயில் சூடேறுகிறது

வால்வும் டிராக்டரும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பெரும்பாலான பழைய சிறு டிராக்டர்கள் ஓப்பன் சென்டர் வகை: லீவர் நடுவில் இருக்கும்போது ஆயில் வால்வின் நடுவழியாகச் சும்மா ஓடி டேங்குக்குத் திரும்பும். அதில் க்ளோஸ்டு சென்டர் வால்வை மாட்டினால் ஆயிலுக்குப் போக்கிடமில்லை. ரிலீஃப் வால்வைத் (அழுத்தம் எல்லை மீறினால் தானே திறப்பது) திறந்துகொண்டு ஓடும், பம்ப் செய்யும் வேலை முழுவதும் வெப்பமாக மாறும். பத்து நிமிடத்தில் குழாயைத் தொட முடியாது.

இதற்கு எதிர்மறையும் உண்டு. 1960களின் ஜான் டியர் 4020 போன்றவை க்ளோஸ்டு சென்டர். தேவைப்படும்போது மட்டும் பம்ப் ஆயில் தரும். அதில் ஓப்பன் சென்டர் வால்வை மாட்டினால் பம்ப் ஓய்வே இல்லாமல் முழு வேகத்தில் தள்ளிக்கொண்டிருக்கும்.

வாங்கும் முன் தெரிந்துகொள்வது எளிது. லீவர் நடுவில் இருக்கும்போது நுழைவாயில் ஊதினால் காற்று வெளிவாயில் வந்தால் ஓப்பன் சென்டர். நிறைய வால்வுகளில் ஒரு பிளக்கை மாற்றி ஒன்றை மற்றொன்றாக ஆக்கலாம், ஆனால் விற்பவரிடம் அந்தப் பிளக் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

புது வால்வு மாட்டியபின் பழைய வால்வு ஒழுகுகிறது, அல்லது கை இறங்க மறுக்கிறது

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன், நிறையப் பேர் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். ஆகவே கொஞ்சம் விரிவாக.

கைகளைத் தூக்க ஏற்கெனவே ஒரு வால்வு இருக்கும். அதன் நுழைவாயில் பம்பிலிருந்து, வெளிவாயில் டேங்குக்கு. பக்கெட்டுக்கு இரண்டாவது வால்வை மாட்டும்போது எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: பழைய வால்வின் டேங்க் குழாயைக் கழற்றிப் புதுவால்வின் நுழைவாயில் மாட்டு, புதுவால்விலிருந்து டேங்குக்கு விடு. காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். லீவர் நடுவில் இருக்கும்வரை வேலையும் செய்யும்.

பக்கெட் லீவரைத் தள்ளியதும் பாருங்கள். புதுவால்வில் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் பின்னோக்கிப் பழைய வால்வின் டேங்க் அறை முழுவதும் நிற்கிறது. அந்த அறை அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டதல்ல. ஸ்பூலின் (வால்வுக்குள் நகர்ந்து ஆயிலின் வழியை மாற்றும் தண்டு) இரு முனைகளிலும் இருக்கும் ஓ-ரிங்குகள் திரும்பும் ஆயிலின் சிறு அழுத்தத்துக்கானவை; அவை பிதுங்கி ஒழுகும். வார்ப்பு பலவீனமாக இருந்தால் விரிசலே விடலாம். அதே நேரத்தில் கையை இறக்கப் பார்த்தால், இறங்கும் ஆயில் போக வேண்டிய அறையில் ஏற்கெனவே அழுத்தம் இருப்பதால் கை நின்றுவிடும், சில சமயம் மேலேகூடப் போகும்.

இதற்குத்தான் 'பவர் பியாண்ட்' என்ற ஏற்பாடு. வால்வுக்குள் ஒரு குழல் துண்டைத் திருகினால் நடுவழி ஆயிலும் சிலிண்டரிலிருந்து திரும்பும் ஆயிலும் பிரிந்துவிடும். நடுவழி ஆயில் அழுத்தம் தாங்கும் தனி வாய் வழியாக அடுத்த வால்வுக்குப் போகும். திரும்பும் ஆயில் டேங்குக்கு நேரே போகும்.

பழைய வால்வுக்கு அந்தக் குழல் கிடைக்காது என்பது கிட்டத்தட்ட உறுதி. ஆகவே வரிசையை மாற்றுங்கள். பவர் பியாண்ட் உள்ள புதுவால்வை முன்னால் வையுங்கள்: பம்பிலிருந்து புதுவால்வுக்கு, அதன் பவர் பியாண்ட் வாயிலிருந்து பழைய வால்வின் நுழைவாய்க்கு, பழைய வால்விலிருந்து வழக்கம்போல் டேங்குக்கு. புதுவால்வின் டேங்க் வாயிலிருந்து தனியாக ஒரு குழாய் டேங்குக்குப் போயே ஆக வேண்டும். இந்த மூன்றாவது குழாயைத்தான் 'இது எதற்கு?' என்று பிளக் போட்டு அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் பக்கெட் அசையாது, அல்லது ஒரு முறை அசைந்து சீலைத் தள்ளிவிடும்.

இப்படி மாற்றியபின் கைகளும் முன்புபோல் தூக்கவில்லை என்றால் புதுவால்வின் ரிலீஃப் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. முன்னால் இருக்கும் ரிலீஃப்தான் பின்னால் இருப்பதற்கும் எல்லை. இரண்டில் எது குறைவோ அதுவே ஆளும்.

கவிழ்கிறது, ஆனால் மடக்கும்போது வலுவில்லை

கொஞ்சம் வித்தியாசம் இருப்பது இயல்பு. ராடு உள்ளே போகும்போது ஆயில் பிஸ்டனின் முழுப் பரப்பிலும் அழுத்துவதில்லை, ராடு அடைத்திருக்கும் இடம் போக மீதியில்தான். 50 மி.மீ. துளையும் 30 மி.மீ. ராடும் உள்ள சிலிண்டர் 150 பாரில் தள்ளும்போது ஏறக்குறைய 3 டன், இழுக்கும்போது 1.9 டன். அதாவது மடக்கும் வலு கவிழ்க்கும் வலுவில் மூன்றில் இரண்டு பங்குதான். இரும்புக் கடையில் தடித்த ராடு உள்ள சிலிண்டரைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். மடக்கும் வலுவை அது இன்னும் தின்னும்.

வித்தியாசம் இதைவிட அதிகமாக இருந்தால் கேஜை நுழைவாயில் மாட்டி, பக்கெட்டை முழுதாக மடக்கி லீவரை இரண்டு விநாடி மட்டும் பிடியுங்கள். காட்டும் எண்தான் ரிலீஃப் திறக்கும் அழுத்தம். டிராக்டர் செய்தவர் சொன்ன எல்லையைவிடக் குறைவாக இருந்தால் ரிலீஃப் திருகின் பூட்டு நட்டைத் தளர்த்தி, கால் சுற்றுக்கு ஒரு முறை கேஜைப் பார்த்து ஏற்றுங்கள். எல்லையைத் தாண்டாதீர்கள். பம்ப் பிழைத்தாலும் லோடர் கை பிழைக்காது. கயிற்றுப் பக்கெட்டுக்கென்று செய்த கை, மடக்கும் விசையைக் கணக்கில் எடுத்துச் செய்யப்பட்டதல்ல.

கேஜ் சரியாகக் காட்டுகிறது, ஆனாலும் பக்கெட் மடங்கவே மறுக்கிறது என்றால் வால்வின் வகையைப் பாருங்கள். பழைய லோடர்களின் தூக்கும் சிலிண்டர் பெரும்பாலும் ஒருபக்க வகை: ஆயில் தூக்கும், எடை இறக்கும். அதற்கான வால்வு ஒரு வாய்க்கு மட்டுமே அழுத்தம் கொடுக்கும். அதே மாதிரி ஒன்றைப் பக்கெட்டுக்கும் வாங்கியிருந்தால் ஒரு பக்கம்தான் ஓடும். பக்கெட்டுக்கு இருபக்க வகைதான் வேண்டும், சிலிண்டரும் சரி வால்வும் சரி.

பாதி வழியில் நிற்கிறது, அல்லது கவிழ்ந்தபின் பூட்டிக்கொள்கிறது

இது ஆயில் கோளாறே அல்ல, பின் போட்ட இடத்தின் கோளாறு. ஆயிலில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

சிலிண்டர் இழுக்கும் கோட்டுக்கும், பக்கெட்டின் சுழல் பின்னிலிருந்து காதின் பின்னுக்குப் போகும் கோட்டுக்கும் இடையே உள்ள கோணம் 90 பாகையாக இருக்கும்போது விசை முழுதாகப் பயன்படும். 30 பாகையில் பாதி, 15 பாகையில் கால் பங்குக்குச் சற்று மேல். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துவிட்டால் எத்தனை டன் தள்ளினாலும் பக்கெட் அசையாது. அதையும் தாண்டிப் போனால், திரும்ப மடக்கப் பார்க்கும்போது சிலிண்டர் பக்கெட்டை இன்னும் கவிழ்க்கும் பக்கமாகவே இழுக்கும். அதுதான் பூட்டிக்கொள்வது.

பார்க்க எளிய வழி, சிலிண்டரைக் கழற்றிவிட்டுப் பக்கெட்டைக் கையால் முழுதாக மடக்கியும் முழுதாகக் கவிழ்த்தும் இரண்டு நிலைகளிலும் சிலிண்டரின் இரு முனைப் பின்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பது. கணக்காகச் சொன்னால்: காதின் பின் சுழல் பின்னிலிருந்து 200 மி.மீ. தள்ளி இருந்து, பக்கெட் மொத்தம் 80 பாகை திரும்ப வேண்டுமென்றால் சிலிண்டரின் ஓட்டம் (ராடு உள்ளிருந்து வெளியே வரும் தூரம்) ஏறக்குறைய 260 மி.மீ. வேண்டும். காதை 300 மி.மீ.க்கு உயர்த்தினால் வலு ஒன்றரை மடங்கு, ஆனால் ஓட்டமும் 385 மி.மீ. ஆகிவிடும், வேகமும் அதே அளவு குறையும். கிடைத்த சிலிண்டரை வைத்துக்கொண்டு காதின் உயரத்தை மாற்றுவதுதான் மலிவான வழி. எல்லோரும் தலைகீழாகச் செய்கிறோம்: முதலில் காதை வெல்டிங் செய்துவிட்டுப் பிறகு அதற்குப் பொருந்தும் சிலிண்டரைத் தேடி அலைவது.

வெல்டிங் செய்யும் முன் தடித்த அட்டையில் பக்கெட்டின் பக்கவாட்டு வடிவத்தையும் கையின் வடிவத்தையும் வெட்டி, பின்களுக்குப் பதில் ஆணி குத்தி, சிலிண்டருக்குப் பதில் நீளம் குறித்த மரச்சட்டத்தை வைத்து ஆட்டிப் பாருங்கள். அரை மணி நேர வேலை. காதை அறுத்தெடுத்து மறுபடி ஒட்டுவது ஒரு நாள் வேலை.

பாதியில் நிற்பதற்கு இன்னொரு சிறு காரணமும் உண்டு: ஹோஸ் நீளம் போதாமல் இழுபடுவது, அல்லது மடங்கும் இடத்தில் நசுங்கி வழி அடைபடுவது. கையை முழுதாகத் தூக்கி, பக்கெட்டை முழுதாகக் கவிழ்த்த நிலையில் ஒரு முறை, தரையில் முழுதாக மடக்கிய நிலையில் ஒரு முறை பாருங்கள்.

லீவரை விட்டபின்னும் பக்கெட் மெல்லக் கவிழ்கிறது

நிரம்பிய பக்கெட் எப்போதும் கவிழவே பார்க்கும், அதாவது ராடை வெளியே இழுக்கும். அதைப் பிடித்திருப்பது ராடு பக்கத்தில் அடைபட்ட ஆயில். அது எங்கே தப்புகிறது என்பதே கேள்வி.

வேகமாக, சில விநாடிகளிலேயே கவிழ்ந்தால் சீல் அல்ல, வால்வின் வகைதான் தவறு. ஹைட்ராலிக் மோட்டாருக்கான ஸ்பூல் நடுநிலையில் இரண்டு வாய்களையும் டேங்குக்குத் திறந்துவிடும். சிலிண்டருக்கான ஸ்பூல் இரண்டையும் மூடும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கைமாறி வாங்கும்போது இதில்தான் ஏமாறுகிறோம்.

நிமிடக் கணக்கில் மெல்ல இறங்கினால் சீலா, ஸ்பூலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பக்கெட்டைத் தரையில் வைத்து, ராடுகள் முழுதாக உள்ளே போகும்வரை மடக்குங்கள். இன்ஜினை நிறுத்தி அழுத்தத்தை இறக்குங்கள். சிலிண்டரின் அடிப்பக்க ஹோஸைக் கழற்றுங்கள். ஹோஸ் முனையைப் பிளக் போட்டு மூடுங்கள், சிலிண்டரின் வாய்க்குக் கீழே ஒரு டப்பா வையுங்கள். இரண்டு சிலிண்டர் இருந்தால் இரண்டிலும் இப்படியே. எல்லோரும் விலகி நின்றபின் இன்ஜினைப் போட்டு மடக்கும் பக்கம் லீவரைச் சிறிது நேரம் பிடியுங்கள். ராடு ஏற்கெனவே கடைசியில் இருப்பதால் அசைய இடமில்லை. திறந்த வாயிலிருந்து முதலில் கொஞ்சம் சொட்டி நின்றால் பிஸ்டன் சீல் நல்லது. விடாமல் ஓடினால் சீல் போய்விட்டது. எந்தச் சிலிண்டரில் ஓடுகிறதோ அதை மட்டும் பிரித்தால் போதும்.

சீல் நன்றாக இருந்தால் ஸ்பூல் தேய்ந்திருக்கிறது. எல்லா ஸ்பூல் வால்வும் துளித்துளியாக விடத்தான் செய்யும். ஒரு வாரல் முடித்துக் கொட்டப் போகும் நேரத்துக்குள் தெரியாத அளவென்றால் விட்டுவிடலாம். இரவு முழுக்கப் பக்கெட்டைத் தூக்கி நிறுத்துவது ஆசைப்பட வேண்டிய விஷயமல்ல.

மடக்கத் தொடங்கியதும் முதலில் கொஞ்சம் கவிழ்ந்து, பிறகு மடங்குகிறது

வால்வுக்குள் இருக்கும் லோடு செக் (ஆயில் பின்னோக்கி ஓடாமல் தடுப்பது) அழுக்கால் திறந்தே நிற்கிறது, அல்லது அந்த வால்வில் அது இல்லவே இல்லை. ஸ்பூல் திறந்த கணத்தில் பம்பின் அழுத்தம் பாரத்தின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதால் ஆயில் பின்னோக்கி ஓடுகிறது. பெரும்பாலான வால்வுகளில் வெளியிலிருந்தே கழற்றும் பிளக்குக்குக் கீழே சிறு கூம்பும் ஸ்பிரிங்கும் இருக்கும். துடைத்து மாட்டுங்கள். அதுவரை இன்ஜின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு லீவரைத் தொட்டால் சமாளிக்கலாம்.

கொட்டி முடித்தபின் லீவர் சிறிது நேரம் வெற்றாக ஓடுகிறது

பாரம் பக்கெட்டைக் கவிழ்க்கும் வேகத்துக்குப் பம்பால் அடிப்பக்கத்தை நிரப்ப முடியவில்லை. உள்ளே வெற்றிடம் உருவாகிறது. கவிழ்ந்த பக்கெட்டால் தரையை அழுத்தப் போனால் அது நிரம்பும்வரை விசையே இருக்காது. பழைய பம்புகளில் இது சகஜம். 50 மி.மீ. சிலிண்டர் இரண்டு, 250 மி.மீ. ஓட்டம் என்றால் கவிழ்க்க ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில் வேண்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும் பம்புக்கு 3 விநாடி, 10 லிட்டர் பம்புக்கு 6 விநாடி. நிரம்பிய பக்கெட்டோ ஒரே விநாடியில் கவிழ்ந்துவிடும்.

மலிவான தீர்வு, ராடு பக்கத்து இணைப்பில் சிறு துளையுள்ள தடுப்பு ஒன்றை வைப்பது. ஆயில் மெதுவாக வெளியேறும், பக்கெட்டும் அடக்கமாகக் கவிழும். 2 மி.மீ. துளையில் தொடங்கி, மடக்குவதும் மந்தமானால் கொஞ்சம் பெரிதாக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தடுத்து மறுபக்கம் தாராளமாக விடும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. ராடு பக்க ஆயிலையும் அடிப்பக்கத்துக்கே அனுப்பும் ரீஜெனரேட்டிவ் ஸ்பூல் என்று ஒன்று உண்டு, லோடர் வால்வுகளில் அது இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் விலை கூடும்.

குதித்துக் குதித்துப் போகிறது, டேங்கில் நுரை

ஏர் பிடித்திருக்கிறது. புதுச் சிலிண்டர்களும் ஹோஸ்களும் குடிக்கும் ஆயிலைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றால் டேங்கில் மட்டம் இறங்கி, பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். மேலே சொன்ன சிலிண்டர்களுக்கு ஒரு லிட்டர், 10 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸ் மீட்டருக்கு 80 மி.லி. பிடிக்கும், ஆக மொத்தம் இரண்டு லிட்டர்வரை போகும். ராடுகள் முழுதாக உள்ளே இருக்கும் நிலையில் மட்டத்தைப் பாருங்கள். பிறகு பாரமில்லாமல், இன்ஜின் மெதுவாக ஓடும்போது, பத்து முறை முழு ஓட்டமும் ஓட்டுங்கள். மட்டம் சரியாக இருந்தும் நுரை வந்தால் பம்பின் உறிஞ்சு குழாய்க் கவ்வியைப் பாருங்கள். அங்கே ஆயில் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

பக்கெட் ஒரு பக்கமாக முறுக்குகிறது

இரண்டு சிலிண்டரும் ஒரே டீயிலிருந்துதான் ஆயில் எடுக்கின்றன, ஆகவே அழுத்தம் எப்போதும் சமம். முறுக்கினால் ஒன்று மற்றதற்கு முன்பே தன் ஓட்டத்தின் கடைசியை எட்டிவிடுகிறது என்று பொருள். காதுகளின் உயரத்தை அளந்து பாருங்கள். 5 மி.மீ. வித்தியாசம்கூட முழு விசையையும் ஒரே சிலிண்டரின்மேல் தள்ளும். வெவ்வேறு இடத்தில் வாங்கிய சிலிண்டர்கள் என்றால் ஓட்டமே வேறாக இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தட்டும்படி பக்கெட்டுக்கும் கைக்கும் இடையே இரும்புத் தடுப்பு வைத்து, சிலிண்டர் கடைசியை எட்டும் முன்பே பக்கெட்டை நிறுத்திவிட்டால் இந்தப் பிரச்சினையும் போகும், சிலிண்டரின் ஆயுளும் கூடும்.

இணைப்புகளில் கசிவு

மரையை நன்றாகப் பாருங்கள். பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரை), என்.பி.டி. (அமெரிக்கக் குழாய் மரை) இரண்டிலும் அரை அங்குலமும் முக்கால் அங்குலமும் அங்குலத்துக்கு 14 மரைதான். ஒன்றில் மற்றொன்று சுகமாக ஏறும், சில சுற்றுக்குப் பின் இறுகியும்விடும். ஆனால் ஒன்றின் மரைக் கோணம் 55 பாகை, மற்றதன் கோணம் 60. டேப்பை எவ்வளவு சுற்றினாலும் கசியும். கால் அங்குலத்திலும் மூன்றெட்டிலும் 19க்கு 18 என்று மரை எண்ணிக்கையே வேறு, அங்கே இரண்டாம் மூன்றாம் சுற்றிலேயே முரண்டு பிடிக்கும்.

கசிகிறதே என்று கூம்பு மரையை வார்ப்பு வால்வுக்குள் நீண்ட ஸ்பேனர் போட்டு இறுக்கினால் வால்வு பிளந்துவிடும். டேப் துணுக்கு உள்ளே போனால் நேராக லோடு செக்கிலோ ரிலீஃபிலோ உட்காரும். மரையின் முதல் இரண்டு சுற்றை விட்டுவிட்டுச் சுற்றுங்கள், திரவ சீலண்ட் என்றால் இன்னும் நிம்மதி.

ராடு முனையில் புதிதாகக் கசிவு தொடங்கினால் ராடின் குரோமை நகத்தால் தடவிப் பாருங்கள். காது ஒட்டும்போது தெறித்த வெல்டிங் பொறி அங்கே ஒட்டியிருக்கும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சீலை அறுக்கும். வெல்டிங் செய்யும்போது சிலிண்டரையும் ஹோஸையும் கழற்றி அப்பால் வைப்பதே நல்லது. எர்த் கவ்வியை ஒட்டும் இடத்துக்கு அருகிலேயே போடுங்கள், மின்னோட்டம் பின் வழியாகவும் பேரிங் வழியாகவும் போகக் கூடாது. பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள்.

ராடு வளைந்துவிட்டது

பக்கெட்டை முழுதாகக் கவிழ்த்து, வாய் விளிம்பைத் தரையில் அழுத்தி, பின்னோக்கி ஓட்டி மண்ணை இழுத்தீர்களா? விளிம்பைத் தரை முன்னால் இழுக்கும், சுழல் பின்னுக்கு மேலே இருக்கும் காது பின்னால் தள்ளும். முழுதாக வெளியே வந்து மெலிந்து நிற்கும் ராடு நடுவில் வளையும். இழுத்துச் சமன் செய்ய வேண்டுமென்றால் பக்கெட்டைத் தரைக்கு இணையாகவோ சற்றே சாய்த்தோ வைத்து இழுங்கள். வளைந்த ராடை நிமிர்த்திப் போடலாம் என்பார்கள். குரோம் வெடித்திருந்தால் வீண் வேலை.

குறுக்குக் குழாயில் காது ஒட்டிய இடம் விரிசல் விட்டால் இதே குடும்பத்துக் கோளாறுதான். குழாயின் மேல் காதை நேராக ஒட்டாமல், குழாயைப் பாதிச் சுற்று அணைக்கும் தகட்டை முதலில் ஒட்டி அதன்மேல் காதை ஒட்டுங்கள்.

தூக்கும்போது மண் பின்னால், பானெட்டின்மேல் கொட்டுகிறது

கோளாறு இல்லை, பழக்கம் இல்லாததுதான். கை மேலே போகப் போகப் பக்கெட்டும் அதோடு பின்னால் சாய்கிறது. கொக்கி இருந்த காலத்திலும் அப்படித்தான் சாய்ந்தது. ஆனால் அப்போது தொடக்கக் கோணம் மட்டமாக இருந்தது. இப்போது தரையிலேயே முழுதாக மடக்கிவிட்டுத் தூக்குகிறீர்கள். தூக்கிக்கொண்டே கவிழ்க்கும் லீவரைச் சிறிது சிறிதாகத் தட்டிக் கொடுங்கள். மண் என்றால் பானெட்டோடு போகும். மரக்கட்டையோ உருளையான வைக்கோல் கட்டோ என்றால் உருண்டு ஓட்டுபவர்மேலேயே வரும். அப்படிப்பட்டவற்றைப் பக்கெட்டில் உயரத் தூக்கவே வேண்டாம்.

தனி வால்வு வாங்காமல் டைவர்ட்டர் போட்டவர்களுக்கு

ஏற்கெனவே இருக்கும் ஒரே லீவரைக் கொண்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் கைக்குப் பதில் பக்கெட்டுக்கு ஆயில் போகும்படி செய்யும் மின் டைவர்ட்டர் வால்வு இருப்பதிலேயே மலிவான வழி. தூக்குவதும் மடக்குவதும் ஒரே நேரத்தில் நடக்காது, அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். மூல லீவர் ஒருபக்க வகையாக இருந்தால் இதுவும் பயன்படாது, காரணம் மேலே சொன்னதுதான்.

பொத்தானை அழுத்தியும் பக்கெட்டுக்குப் பதில் கையே அசைந்தால் வால்வின் சுருளில் வோல்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள், பொத்தானை அழுத்தியபடியே. 12 வோல்ட் சுருளுக்கு மெல்லிய ஒயரும் துருப்பிடித்த எர்த்தும் வழியாக 9 வோல்ட் வந்தால், குளிரில் இழுக்கும், சூடேறியதும் விட்டுவிடும். மிகப் பழைய டிராக்டர்கள் பலவற்றில் பேட்டரியே 6 வோல்ட், எர்த் பாசிட்டிவ் பக்கம். அங்கே 12 வோல்ட் சுருள் 'டிக்' என்றுகூடச் சொல்லாது. சுருளை மட்டும் 6 வோல்ட்டுக்கு மாற்றக் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். டிராக்டர் முழுவதையும் 12 வோல்ட்டுக்கு மாற்றக் கிளம்பினால் பக்கெட் வேலை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப் போய்விடும்.